ஸ்டோரி க்யூப்ஸ்: தாராளமாக வாங்கலாம், துணைப்பாடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடு, கூட உட்கார்ந்து விளையாட ஒரு பெரியவராவது இருப்பார் என்றால், படக் கட்டைகளை உருட்டிக் கதை சொல்லும் ரோரிஸ் ஸ்டோரி க்யூப்ஸ் விளையாட்டைக் கண்டிப்பாக வாங்கலாம். பிள்ளையின் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்குச் சமைக்கப் போகலாம் என்ற கணக்கில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் கட்டைகள் சோபாவுக்கு அடியில் கிடக்கும், பிள்ளை திரும்ப ஐபேட் முன்னால் இருக்கும். விலையும் பெரிதாக ஒன்றுமில்லை. குடும்பத்தோடு உணவங்காடி நிலையத்தில் ஒருவேளை சாப்பிடுவதற்கு ஆகிற செலவுதான்.

பெட்டியைத் திறந்தால் ஒன்பது வெள்ளைக் கட்டைகள். ஒரு கட்டைக்கு ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கறுப்புக் கோட்டில் ஒரு சின்னப் படம், ஆக 54 படங்கள். ஆடு, ஆமை, தேனீ, பிரமிடு, காந்தம், பாலம், விமானம், கைத்தொலைபேசி, வானவில், பாராசூட், சாவித்துவாரம் என்று போகும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த ஒரு படம் உண்டு: ஒரு ஆள் நிற்பார், அவருடைய நிழல் மட்டும் பூதம் மாதிரி இருக்கும். எழுத்து என்று ஒன்றுகூட எந்தக் கட்டையிலும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லவருவதில் பாதி இதைப் பற்றித்தான்.

வட அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி ஓ'கானர் என்பவர் உருவாக்கியது இது. பெரியவர்களுக்குப் படைப்புத்திறன் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவர், அந்தப் பயிற்சிக்காகச் செய்ததுதான் பிறகு விளையாட்டாக ஆனது. முதலில் அவர் யோசித்தது ரூபிக்ஸ் க்யூபில் படம் போடுவதைத்தான். ஒரு பக்கத்துக்கு ஒன்பது சதுரம், ஆறு பக்கம், மொத்தம் 54. அது அப்புறம் ஒன்பது தனித்தனிக் கட்டைகளாக மாறியது, படங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இப்போது அஸ்மோடே நிறுவனத்தின் பெயரில் கடைகளில் கிடைக்கிறது. ஒன்பதையும் உருட்டினால் வரக்கூடிய சேர்க்கைகள் 10 மில்லியனுக்கும் அதிகம் (ஆறை ஒன்பது முறை பெருக்கிப் பாருங்கள், 10,077,696 வரும்). அதனால் விளையாடி முடித்துவிட்டோம், இனி என்ன என்ற கேள்விக்கே இடமில்லை.

விளையாடுவது ரொம்பச் சுலபம். ஒன்பதையும் உருட்டு, முதலில் எந்தப் படம் கண்ணில் படுகிறதோ அதிலிருந்து கதையைத் தொடங்கு, மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகக் கதைக்குள் கொண்டுவா. தனியாகச் சொல்லலாம், ஆளுக்கு ஒரு கட்டையாக மாற்றி மாற்றியும் சொல்லலாம். நான் எழுதுவது முழுக்க இரண்டாவது வகையைப் பற்றி. தனியாகச் சொல்வதில் என் மகனுக்குச் சுத்தமாக ஆர்வமில்லை, அவனை நான் குறை சொல்லவும் மாட்டேன், ஒன்பது படத்தையும் வைத்துத் தனியாகப் பேசு என்று என்னிடம் சொன்னால் நானே கழிவறைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவேன்.

மகன் தொடக்கநிலை இரண்டு, மகள் பாலர் பள்ளி. வீட்டில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அப்பாயி. இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், 1968-ல் பிரிட்டிஷார் பட்டறையைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்த பிறகும் அங்கேயே தொடர்ந்தவர். அப்பாயிக்குத் தமிழ் வரும், சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் மட்டும் பேருந்து எண் அளவுக்குத்தான். பேரனுக்கு ஆங்கிலம்தான் முதலில் வாயில் வருகிறது, தமிழ் புரியும், பேச ஆரம்பித்தால் மூன்றாவது சொல்லில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள், பத்து ஆண்டுக்கு முன்பு அது 32.3 விழுக்காடு. தமிழ் 2.5 விழுக்காடு.

இப்படிப்பட்ட வீட்டில் கதைப்புத்தகம் என்று எடுத்தாலே யாராவது ஒருவர் ஒதுங்கிப் போகிறார். ஆங்கிலப் புத்தகம் என்றால் அப்பாயி அடுப்படிக்குப் போய்விடுவார். தமிழ்ப் புத்தகம் என்றால் மகன் எழுத்தைப் பார்த்ததுமே கொட்டாவி விடுவான். அட்டைகளில் கேள்வி எழுதியிருக்கும் விளையாட்டு எதை வாங்கினாலும் ஒருவர் படித்து இன்னொருவருக்கு மொழிபெயர்க்க வேண்டும், அந்த நொடியிலேயே மொழிபெயர்க்கிறவர் ஆசிரியராகிவிடுவார், மற்றவர் மாணவர். கட்டையில் இருக்கிற ஆட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது எல்லாருக்கும் ஆடுதான். எழுபது வயதுக்காரரும் ஐந்து வயதுக்காரியும் அதன் முன்னால் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

எப்படி நடக்கும் என்று ஒரு கதையையே சொல்கிறேன். எதிர்வீட்டு மலாய்ப் பையன் என் மகனோடு ஒரே வகுப்பு, சாயங்காலம் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பான். பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம், அப்பாயி மட்டும் நாற்காலியில். உருட்டியதும் அப்பாயி ஆட்டை எடுத்தார். "ஒரு ஊர்ல ஒரு ஆடு இருந்துச்சு. அது தேக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்புச்சு."

மகள் உடனே, "எதுக்கு அப்பாயி? மட்டன் வாங்கவா?"

அப்பாயிக்குப் பேச்சே வரவில்லை. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை எதிர்வீட்டுப் பையன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பாயியே மலாயில் விளக்கினார், "கம்பிங் பெர்கி பாசார்!" என்று. அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் அந்தக் கதை முழுக்க மூன்று மொழியில்தான் ஓடியது.

அடுத்தது மகன், கைத்தொலைபேசிக் கட்டை. ஆட்டுக்கு போன் வருகிறது, அம்மா ஆடு கூப்பிடுகிறது, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஏன் போனை எடுக்கவில்லை என்று வரிசையாகக் கேட்கிறது (இது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும், விடுங்கள்). ஆடு சொல்கிறது, நான் செம்பவாங்கில் ரயில் ஏறிவிட்டேன், டோபி காட்டில் மாறிவிடுவேன் என்று. நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான், மகனுக்கு ரயில் என்றால் நிறுத்த முடியாது, நாங்களும் நிறுத்தவில்லை.

அடுத்து எதிர்வீட்டுப் பையனுக்கு அந்த நிழல் கட்டை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: ஆட்டின் நிழல் புலி மாதிரி இருந்தது. ரயிலில் எல்லாரும் நிழலைப் பார்த்துப் பயந்து எழுந்து இடம் விட்டார்கள். ஆடு போய் வசதியாக உட்கார்ந்தது.

மகளின் முறை. அவள் கையில் வைத்திருந்த கட்டையைப் பார்க்கவே இல்லை. "ஆனா ஆட்டுக்கு அது தெரியாது. சிங்கப்பூர்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்கன்னு நினைச்சிக்குச்சு."

ஐந்து வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து இதை யோசித்திருக்க முடியாது. அண்ணன் ஆட்டை ரயிலில் ஏற்றினான், நண்பன் நிழலைக் கொண்டுவந்தான், அதற்கு மேல்தான் இவளுக்கு அந்த வாக்கியம் எட்டியது. கூடிச் சொல்வதன் லாபம் எனக்கு இங்கேதான் புரிந்தது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மறுக்காமல் வாங்கிக்கொண்டு அதன்மேல் இன்னொன்று வைக்க வேண்டும். மேடையில் முன்னேற்பாடு இல்லாமல் நடிப்பவர்களுக்கு முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது தானாக வந்துவிடுவதில்லை. ஆரம்பத்தில் என் மகன், "இல்ல, ஆடு ரயில்ல போக முடியாது, செல்லப்பிராணிக்கு அனுமதி இல்ல" என்று தடுக்கிற ரகம். கட்டை அவனுக்கு உதவியது என்னவென்றால், தன் முறை வந்தால் தன் கையில் இருக்கும் படத்தை எப்படியாவது நுழைத்தாக வேண்டும். அடுத்தவர் கதையை வெட்டிவிட்டால் நுழைப்பது இன்னும் கஷ்டம் என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டான்.

இனி எச்சரிக்கைகள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிச் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "வாய்மொழித் தேர்வுக்கு உதவுமா?" சிங்கப்பூரில் வேறு என்ன கேட்பார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழியில் ஒரு ஒளிக்காட்சியைப் பார்த்து, அதையொட்டி ஆசிரியரோடு உரையாட வேண்டும். ஒரு காட்சியைப் பார்த்ததும் நாலு வார்த்தை தயக்கமில்லாமல் பேசும் பழக்கம் அதற்கு உதவாமல் போகாது. ஆனால் அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். அவர்களுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் புகுந்து திருத்தினார். "ஆடு போனான் இல்லப்பா, ஆடு போனது. எங்க, முழு வாக்கியமா சொல்லு." மகன் தன் முறையை ஐந்தே சொல்லில் முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளையே 2019-லிருந்து கல்வி அமைச்சு எடுத்துவிட்டது. அவர்களே விட்டுவிட்டதை நாம் வரவேற்பறையில் திரும்ப ஆரம்பிக்க வேண்டுமா?

திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் செய்வது இதுதான்: அவன் "ஆடு போனான்" என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுவோம். அடுத்து என் முறை வரும்போது, "ஆடு போனது, போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருந்தது" என்று தொடங்குவேன். காதில் விழுகிறது இல்லையா, அது போதும். ஆங்கிலச் சொல் கலந்தாலும் அதே முறைதான். அவன் டணல் என்றால் அப்பாயி சுரங்கம் என்று சொல்லிக் கதையைத் தொடர்வார், கொஞ்ச நேரத்தில் அவனும் சுரங்கத்துக்குள் போய்விடுவான்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். குழந்தைகளுக்கான படைப்பாற்றல் கதைசொல்லல் வகுப்பு என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் இங்கே நிறைய உண்டு. ஒன்றின் அறிமுக வகுப்புக்கு மகனை அழைத்துப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். சுவர் முழுக்க வண்ணம், தரையில் மெத்தைகள், எல்லாம் அழகுதான். வகுப்பு தொடங்கியதும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தாளில் நாலு கட்டம், பக்கத்தில் பயன்படுத்த வேண்டிய அருஞ்சொற்றொடர்களின் பட்டியல். இதயம் படபடவென அடித்தது, கண்கள் குளமாயின, இப்படி. பிள்ளைகள் வரிசையாக எழுந்து ஒரே கதையைச் சொன்னார்கள், எல்லார் இதயமும் படபடவென அடித்தது. முடிந்ததும் தொகுப்புக் கட்டணத்தைச் சொன்னார்கள், அடித்தது என் இதயம். அந்தக் காசுக்கு இந்தப் பெட்டியை அலமாரி நிறைய வாங்கி அடுக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்ல வேண்டும். விவியன் பேலி, அமெரிக்காவில் பாலர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் நீண்ட காலம் பாடம் நடத்தியவர், 1989-ல் மெக்ஆர்தர் விருது பெற்றவர். அவர் செய்தது இவ்வளவுதான்: பிள்ளை கதை சொல்லும், ஆசிரியர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடித்துக் காட்டும். கதை ஒரே வரியாக இருந்தாலும் நடிப்பார்கள். கட்டைகளோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், பெட்டியின் மதிப்பு இரண்டு மடங்காகும். எங்கள் வீட்டில் எழுதுவது என் வேலை, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மகள் சொன்னதைச் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுவேன், "நினைச்சிக்குச்சு" என்றால் "நினைச்சிக்குச்சு"தான். அப்புறம் நடிப்பு. ஆட்டு வேடம் எப்போதும் என் கணவருக்கு, உயரமானவர், நாலு காலில் நிற்க வைத்தால் பிள்ளைகளுக்குத் தனி சந்தோஷம். தான் சொன்னது எழுத்தாகி, அது தன் கண் முன்னால் நடப்பதைப் பார்க்கும்போது பிள்ளை அடுத்த கதையை இன்னும் கவனமாகச் சொல்கிறது, ஏனென்றால் அப்பா எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பெட்டியிடம் எனக்குள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது கட்டை சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப அதிகம். நாலாவது படத்துக்கு வருவதற்குள் ஆடு எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும். மூன்றில் தொடங்குங்கள், தொடக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று, முடிவுக்கு ஒன்று. பெரியவர்கள் இருக்கும்போது மட்டும் ஒன்பது.

வெற்றி தோல்வி கிடையாது. என் மகன் மாதிரியான பிள்ளைகள், "சரி, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டுவிட்டு முகம் வாடிப்போவார்கள். இதற்கு அவனே ஒரு வழி செய்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு கட்டையை நுழைத்தால் ஒரு பால் ரொட்டி. நான் ஒத்துக்கொண்டேன், ரொட்டி செலவு கூடிவிட்டது.

உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு விளையாடுவது தனிக்கதை. என் அண்ணன் மகன் சேர்ந்தால் எல்லாக் கதையும் இரண்டு விதமாகத்தான் முடியும், ஒன்று எல்லாரும் செத்துப்போவார்கள், இல்லை எல்லாமே கனவு. இப்போது வீட்டில் கனவுக்குத் தடை. சாவுக்குத் தடை போடவில்லை, அப்பாயி செத்தவர்களை அடுத்த முறையில் ஆவியாகக் கொண்டுவந்துவிடுகிறார், அதுவும் கடற்படைத் தளத்துப் பழைய குடியிருப்பில் யார் யார் எதைப் பார்த்தார்கள் என்ற உபகதைகளோடு. அந்தப் பையன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது அதை மட்டும்தான். உருட்டிய படத்தில் கோட்டை மாதிரி ஒரு கட்டடம் வந்தால் போதும், அப்பாயிக்குப் பட்டறை நினைவு வந்துவிடும், அப்பா வேலை முடிந்து சைக்கிளில் கூட்டமாக வெளியே வருவது, வாசலில் விற்ற பலகாரம், எல்லாம் கதைக்குள் நுழையும். அதில் எது நடந்தது, எது அவர் சேர்த்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவரிடம் உட்கார்ந்து பழைய கதை சொல்லுங்கள் என்று கேட்டால், "என்னத்த சொல்றது" என்று முடித்துவிடுவார்.

படங்களில் நம் ஊர் இல்லை. பிரமிடு உண்டு, கூம்புக் கூடாரம் உண்டு. டுரியான் இல்லை, நீர்நாய் இல்லை, அடுக்குமாடி கீழ்த்தளம் இல்லை, கோலம் இல்லை. உலகம் முழுக்க விற்கும் பொருளில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது, சரி. நாங்கள் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வெற்று மரக்கட்டைகள் வாங்கி, பேனாவால் நாங்களே வரைந்துகொண்டோம். பீஷான் பூங்காவில் பார்த்த நீர்நாய்க் குடும்பம், மெர்லயன், மின்தூக்கி, வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுக்கும் சுண்டல், பெய்யப் போகிற மழை, அப்பாயியின் மூக்குக் கண்ணாடி. மகள் வரைந்த நீர்நாய் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிராணியாகத் தெரிகிறது, அதுவும் வசதிதான். இரண்டையும் கலந்து உருட்டும்போதுதான் விளையாட்டு உண்மையில் சூடு பிடிக்கிறது, பிரமிடுக்குள் மின்தூக்கி பழுதாகி நிற்பதெல்லாம் நடக்கும். வாங்கவே மனமில்லாதவர்கள் நேரடியாக இப்படிச் செய்துகொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன், ஆனால் யாரோ ஒருவர் தெளிவாக வரைந்த படங்கள் கொஞ்சமாவது கூட இருப்பது நல்லது, நாமே வரைந்ததில் நமக்குத் தெரிந்தது மட்டும்தான் இருக்கும்.

சத்தம். வீவக அடுக்குமாடி வீட்டுத் தரையில் ஒன்பது கட்டையை உருட்டினால் கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும். பாய் விரியுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டுக் குலுக்குங்கள். டப்பா முறை காரிலும் வேலை செய்யும். பள்ளி விடுமுறையில் மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் ஜொகூர் பக்கம் கார் நகராமல் நிற்கும்போது இதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை, முன்னால் நிற்கும் காருக்குள் யார் இருக்கிறார்கள் என்றே ஒரு கதை முழுக்க ஓடியிருக்கிறது. கட்டைகள் சின்னவை, அதனால் எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் மேலே தூக்கி வையுங்கள்.

போலிகள் உண்டு. தோழி ஒருத்தி இணையத்தில் பாதி விலைக்கு ஒரு விற்பனையாளரிடம் வாங்கினாள். கட்டைகள் இலேசாக, ஓரம் சொரசொரப்பாக இருந்தன, படங்களின் மை பிள்ளையின் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, ஆமை சீக்கிரமே தலையில்லாத ஆமை ஆகிவிட்டது. அசல் கட்டையில் படம் பள்ளமாகப் பதிந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள், விளையாட்டுப் பொருள் கடைகளிலோ புத்தகக் கடைகளிலோ கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

டிக்ஸிட் வாங்கலாமா, இதுவா என்று இருவர் கேட்டிருந்தார்கள். டிக்ஸிட் அருமையான விளையாட்டு, 2010-ல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது, 84 அட்டைகள், ஒவ்வொன்றும் சுவரில் மாட்டலாம் போன்ற ஓவியம். ஆனால் அது ஊகிக்கும் விளையாட்டு. ஒருவர் தன் அட்டைக்கு ஒரு குறிப்புச் சொல்ல, அது எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், புள்ளிகள் உண்டு, குறைந்தது மூன்று பேர் வேண்டும். எட்டு வயதுக்கு மேல் எடுங்கள். கதை கட்ட வேண்டும், அதிலும் சேர்ந்து கட்ட வேண்டும் என்றால் கட்டைகள்தான். டிக்ஸிட் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கதை சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும், விலைதான் கூடுதல்.

தேசிய நூலக வாரியம் நூலகங்களில் தமிழிலும் கதைநேரம் நடத்துகிறது, நாங்கள் போவதுண்டு, பிள்ளைகள் விரும்பித்தான் கேட்கிறார்கள். அங்கே கேட்பது ஒன்று, இங்கே சொல்வது வேறொன்று, இரண்டும் இருக்கட்டும். அங்கே கேட்ட பாத்திரங்கள் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்த கதைகளும் உண்டு.

எந்தப் பெட்டி வாங்குவது என்பதில் குழப்பம் வரும், வண்ணம் வண்ணமாக இருக்கிறது. ஆரஞ்சுப் பெட்டிதான் முதல் தொகுப்பு, அதிலிருந்து தொடங்குங்கள். நீலப் பெட்டி ஆக்‌ஷன்ஸ், அதில் 54 படங்களுமே செயல்கள், தள்ளுவது, விழுவது மாதிரி. என் மகனுக்குப் பொருள்களின் பெயர் தமிழில் ஓரளவு தெரியும், செயலைச் சொல்லும்போதுதான் திணறுவான், அதனால் ஆரஞ்சில் மூன்றும் நீலத்தில் இரண்டும் சேர்த்து உருட்டுவது எங்களுக்குச் சரியாக வருகிறது. பச்சைப் பெட்டி வாயேஜஸ், பயணமும் சாகசமும், அதை நாங்கள் இன்னும் வாங்கவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறோம், வாங்கி விளையாடியவர்கள் இருந்தால் பாலர் பள்ளிப் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்று சொல்லுங்கள்.